இரத்தக் காட்டேரிக்கு இங்கே வேலையில்லை

பொல்பிட்டியவிலிருந்து மேலே நோட்டன் பிரிட்ஜ் வரை உள்ள வாசகர்களைத் திகில் நாவலால் பயமுறுத்துவது பெரும்பாடு. அந்த எழுத்தாளர்களின் கைமுதலே பனிமூட்டம், மலை, உச்சியில் ஒரு பங்களா, அதில் ஒரு துரை. இங்கே அதற்குப் பெயர் தோட்டம். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளியானபோது, லூல்கந்துரவில் தேயிலை நட்டு முப்பது வருடமாகியிருந்தது. இரத்தம் உறிஞ்சுவதா? படங்கை ஒதுக்கி, கணுக்காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகிற பெண்ணிடம் இதைப் புதுமை என்று விற்க முடியுமா?

கற்பனையை நிஜத்தோடு உரசிப் பார்ப்பது ரசனைக் குறைவு என்பார்கள். சரிதான், ஆனால் கற்பனை நிஜத்தைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டால் பயம் எங்கிருந்து வரும்? டிராகுலா, வீட்டார் அழைக்காமல் வாசற்படி தாண்ட மாட்டார். கங்காணியோ ஊர்தேடி வந்து, முன்பணமும் கொடுத்து, தானே அழைத்தான். உயிரோடும் இல்லாமல் செத்தும் போகாமல் திரியும் ஜென்மங்களை உண்டாக்க நாவலாசிரியருக்கு மந்திரம் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கு வேண்டியிருக்கவில்லை. 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்தப் பேய்க்கதையிலும் இவ்வளவு நறுவிசான கணக்கு கிடையாது.

இருட்டா? பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. மலையகத்தின் பல லயங்களில் அதன் பிறகும் நெடுங்காலம் குப்பி விளக்குதான். அந்த வெளிச்சத்தில் பேய்க்கதை படித்தவர்கள் பயந்திருப்பார்கள், மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று.