கடல் போன ஊரில் அலைச்சறுக்கு

அலைச்சறுக்குப் பழக ரெட்டிபாளையத்துக்காரர் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பிவிட்டார். ஆறேழு கோடி ஆண்டுகள்தான். கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கேயே கிடந்தது. இப்போது அது சுண்ணாம்புக்கல்லாகி, சிமென்ட் மூட்டையில் வெளியூர் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே, 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்த மாமல்லபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

முதல் பாடம் மணலில்: பலகையில் குப்புறப் படு, கையால் துழாவு, துள்ளி எழு. மணலில் எல்லாரும் சாம்பியன். தண்ணீரில், எழுவதற்குள் மூக்கு வழியே உப்பு. பாய் கட்டிய பலகை இன்னும் விசேஷம்: தண்ணீர் குடித்துக் கனத்த பாயை இடுப்பு ஒடிய இழுத்து நிமிர்த்தினால், காற்று ஒரே தட்டில் படுக்கவைக்கும்.

காற்றிடம் அடி வாங்கும் அந்தப் பயிற்சிக்கு மட்டும் ஊரிலேயே வசதி உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டினால் போதும். கட்டணம் கிடையாது, புழுதி இலவசம்.