ஓய்வூதியத் தம்பதியர் ஒரு வேலையை மிச்சம் வைப்பது ஏன்? வேப்பனப்பள்ளிச் சான்றுகளை முன்வைத்து

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் காலையில் நாலு வேலையை நினைத்துக்கொண்டு கிளம்பினால், மத்தியானம் வீடு திரும்பும்போது அதில் ஒன்று முடியாமல் நிற்கிறது. உலகம் இதை மறதி என்று சொல்லித் தள்ளிவிட்டது. தொல்காப்பியர் காலத்தைக் கணிப்பதில் ஆயிரம் ஆண்டு முன்பின் போனாலும் கலங்காத நம் அறிஞர்களும் இதன் பக்கம் திரும்பியதில்லை. இது மறதியன்று, முறைமை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம், தமிழ்நாடு ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் முட்டி நிற்கும் மூலையில் உள்ள வேப்பனப்பள்ளி. ‘எவ்வளவு’, ‘எந்த’, ‘எஷ்டு’ என மும்மொழியிலும் விலை கேட்டு, மும்மொழியிலும் வாங்காமல் நகரக்கூடிய ஊர். காலம் மாசி. விடியும்போது கணவர் தலையில் இருக்கும் குரங்குக் குல்லாய், வெயில் ஏறியதும் மனைவியின் பைக்கு இடம்பெயரும் பருவம். இலக்கணத்தார் இதைப் பின்பனி என்பர். குல்லாயைப் பற்றி அவர்கள் மூச்சு விடவில்லை.

வேலைகள் பலவகைப்படும். மின்கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறையே வருவதால் அரிய வகை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் காரியம் முடிந்துவிடும். ஆய்வாளனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. பாஸ்புக் பதியும் இயந்திரம் பழுது. ஆகவே நேராக மளிகைச் சீட்டுக்கு வருவோம்.

மளிகைச் சீட்டு என்பது தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் மனைவி எழுதுவது. முன்புறத்தில் தேதியும் இராகுகாலமும் அச்சாகியிருப்பதால் இதன் காலத்தை எளிதில் நிறுவலாம் என்று அவசரக்காரர்கள் நினைப்பார்கள். தாள் தை மாதத்தது, எழுத்து மாசி மாதத்தது. ஏட்டின் காலம் வேறு, பாடத்தின் காலம் வேறு என்னும் பாலபாடத்தைச் சில பேராசிரியர்கள் இங்கிருந்தாவது கற்கலாம். கடைசி வரியில் ‘மிக்சர் கால் கிலோ’ என்று வேறு மையில், வேறு கையெழுத்தில் உள்ளது. இது இடைச்செருகல் என்பதில் பதிப்பாசிரியர் அனைவரும் ஒருமித்திருக்கிறார்கள், மனைவி உட்பட. சிக்கல் நடுவில் இருக்கிறது: ‘மிள. 100’ (கதவிடுக்குப் பிரதி, எண்ணெய்க் கறைக்கு வலப்புறம்). இது மிளகா, மிளகாயா? பனிக்காலச் சளிக்கு ரசம் வேண்டும், எனவே மிளகு என்பது ஒரு சாரார் கொள்கை. இருவர் உள்ள வீட்டில் மிளகு நூறு கிராம் எதற்கு, எனவே மிளகாய் என்பது மறுசாரார் மறுப்பு (பேருந்து நிறுத்தத் திண்ணை, வாய்மொழி மரபு, வெயில் விழும் பக்கம்). பேரப்பிள்ளைகள் வரப்போவதால் நூறு கிராம் மிளகும் செல்லும் என்று சமாதானம் சொல்லும் மூன்றாம் உரை ஒன்றும் இருந்ததாம். அது கிடைக்கவில்லை (அரிசி டப்பா அடியேடு, எறும்பரித்த பகுதி, இதை முழுதாகக் கண்டவர் எறும்பு மட்டுமே). உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடு எழுதியவரைக் கேட்டுத் தெளிய வழியில்லை. இங்கே எழுதியவர் இரண்டடி தள்ளி அவரைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் கணவர் கேட்பதில்லை. கேட்டால் தெளிந்துவிடும், தெளிந்துவிட்டால் ஆராய்ச்சி ஏது? இரண்டையும் வாங்காமல் வீடு திரும்புகிறார். மிச்சம் ஒன்று உருவாகிவிட்டது.

மிளகாயோடு மட்டும் இது நிற்பதில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் பென்ஷன் வாங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் 1000 ரூபாய் ஆனது. அந்த ஆண்டு நவம்பரிலேயே விரல் வைத்துச் சான்று தரும் ஜீவன் பிரமாண் முறையும் வந்தது. விரல்தான் ஒத்துழைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் லேத்திலும் அரத்திலும் தேய்ந்த விரலில் ரேகை ஏற்கெனவே மங்கல். பனிக்காற்றில் தோல் வறண்டால் கருவியின் கண்ணாடியில் அது சரியாகப் பதியாது. போதாததற்கு மாசி வரை நீளும் அவரைப் பருவம். முன்தினம் ஊறப்போட்ட கொட்டையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினால் தோல் கழன்று பருப்பு வழுக்கி விழும். பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு ஒரு படி பிதுக்கிய கை, ஊறிச் சுருங்கி, அடையாளம் இழந்துவிடுகிறது. ‘தலையில தேச்சுட்டு வைங்க சார்’ என்கிறார் கருவிக்காரர். தேய்த்து வைத்தும் சிவப்பு விளக்கே எரிகிறது. ‘நாளைக்கு வாங்க.’ கணவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை என்பதை இத்துறையினர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் என்ன? ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980இல் வந்தது. டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தவற்றில் சேர்ந்த தலைமுறை இப்போது வீட்டில் இருக்கிறது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் வேலை முடிவதே கிடையாது, கைமாறும். பாதி கடைந்த உருப்படியை அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவுவதுதான் அங்கே ஒழுங்கு. முப்பது ஆண்டு அப்படிப் பழகிய மனிதர், இன்றைய கணவராகிய தன்னிடமிருந்து நாளைய கணவராகிய தனக்கு ஒரு வேலையை ஒப்படைக்கிறார். மனைவியின் அடுப்படியோ சைரன்கூட இல்லாத ஆலை. ஆகவே, ‘ஏங்க, பெருங்காயம் வாங்கினீங்களா?’ என்று அவர் பஸ் கிளம்பிய பிறகு கேட்பதும், ‘நீ எங்க சொன்ன?’ என்று இவர் திருப்பிக் கேட்பதும் சண்டை அல்ல, ஷிப்ட் மாற்றம்.

வெறும் மறதிதானே என்பார் மருத்துவர். மறதி கணக்குப் பார்க்காது. ஒருநாள் மூன்றை விடும், ஒருநாள் ஒன்றையும் விடாது. இங்கே மிஞ்சுவது சொல்லிவைத்தாற்போல் ஒன்றுதான். மறுநாளும் போனால் பஸ் செலவு என்பார் பொருளியலார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மனைவியைத் தனியே அனுப்பினால் செலவு பூஜ்யம். அப்படியும் கணவர் கூடவே ஏறித் தன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால், அது செலவில்லை, சந்தா. முகத்தைக் காட்டியே கைப்பேசியில் உயிர்ச்சான்று தரும் வசதி 2021இலேயே வந்துவிட்டதே என்பார் தொழில்நுட்பர். வந்தது. அதைத் தரவிறக்கித் தர மகன் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவும் மிச்சக் கணக்கில்தான் சேரும்.

எஞ்சுவது தமிழ்ப் பேராசிரியர் தரப்பிலிருந்து வரக்கூடிய தடை: தொடங்கியதை முடிக்காமல் விடுவது அறிவுடையோர் செயலாகுமா? ஐயா தம் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ‘இது மேலாய்வுக்கு உரியது’ என்று இருக்கும். அந்த வரியை நம்பித்தான் அடுத்த நிதியுதவிக்கு விண்ணப்பம் போனது. வேப்பனப்பள்ளித் தம்பதியர் அதே காரியத்தை நிதியுதவி இல்லாமல், கைக்காசில் செய்கிறார்கள். மிளகா மிளகாயா என்பது மேலாய்வுக்கு உரியது.