இரண்டரை ஷில்லிங் முதலீடு

கே: கல்லூரிப் பட்டமே இல்லாத ஒருவரால் மற்றவர்களுக்கு உயர்கல்வி தர முடியுமா?

ப: ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தந்தார். 1876-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். கெட்டிக்காரப் பையன். வீட்டில் வசதியில்லை, 14 வயதில் படிப்பு நின்றது. குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே மாலைநேரப் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்கப் போனார். அங்கே வசதியான வீட்டுக்காரர்களே அதிகம்; உழைப்பாளிகள் குறைவு. அந்த ஆதங்கம்தான் 1903-ல் ஒரு சங்கமாக உருவெடுத்தது.

கே: முதல் போட்டது யார்?

ப: மனைவி பிரான்சஸ். வீட்டுச் செலவுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தது இரண்டரை ஷில்லிங். சங்கத்தின் முதல் இரண்டு உறுப்பினர்களும் இந்தத் தம்பதிதான்! 1905-ல் அதற்குத் தொழிலாளர் கல்விச் சங்கம் என்ற பெயர் வந்தது.

கே: நாள் முழுக்க உழைத்துக் களைத்தவருக்கு மண்டையில் என்ன ஏறும்?

ப: 1908 ஜனவரியில் லாங்டனுக்குப் போயிருந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். பீங்கான் சூளைகள் நிறைந்த ஊர். வெள்ளிக்கிழமை மாலை அங்கே சங்கத்தின் வகுப்பு. மறுநாள் நெசவாலை நகரமான ராச்டேலில். இரண்டுக்கும் ஆசிரியர் ஆக்ஸ்போர்டில் படித்த ஆர். எச். டானி. முதல் ஒரு மணி நேரம் அவர் பேசுவார். அடுத்த ஒரு மணி நேரம் மாணவர்களுடையது: கேட்கலாம், மறுக்கலாம், மடக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். இப்படி மூன்று ஆண்டுகள். பட்டம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது. என்ன பாடம் வேண்டும் என்று முடிவு செய்ததும் மாணவர்களே. களைத்தவர்கள்தான், ஆனாலும் வந்தார்கள். அதோடு விட்டார்களா? லாங்டனில் படித்தவர்களே 1911 முதல் சுற்றுவட்டாரச் சுரங்க ஊர்களுக்குப் போய் வகுப்பெடுத்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் இடம் இதுதான்.

கே: ஆசிரியருக்கு என்ன ஆதாயம்?

ப: 16-ஆம் நூற்றாண்டின் நிலப் பிரச்சினை பற்றி 1912-ல் டானி எழுதிய நூலின் முன்னுரையைப் பாருங்கள். நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் தன்னைத் திருத்தியதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

கே: தொழிலாளியின் கோபத்தை ஆற்ற ஆளும் வர்க்கம் கொடுத்த மருந்து இது என்கிறார்களே?

ப: அன்றைய மார்க்சியர்களே சொன்னார்கள். 1909-ல் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படித்த ரஸ்கின் கல்லூரியில் அந்தக் கருத்துள்ள மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து, தனிக் கல்லூரியே கண்டார்கள். அரசு மானியம் வாங்கும் சங்கத்தின் கை அரசை எதிர்த்து ஓங்குமா என்ற அவர்கள் சந்தேகம் நியாயமானது. என்றாலும் என் கட்சி மான்ஸ்பிரிட்ஜ் கட்சி. ஆசிரியரையே மறுத்துப் பேசப் பழகியவரை அடக்கி வைப்பது எளிதா?

கே: மான்ஸ்பிரிட்ஜ் கடைசிவரை சங்கத்திலேயே இருந்தாரா?

ப: இல்லை. 1914-ல் கடுமையான மூளைக்காய்ச்சல் வந்து, உயிர் பிழைத்ததே பெரிது. மறு ஆண்டே செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் ஓய்ந்தாரில்லை. புத்தகம் வாங்க வழியில்லாத மாணவர்களுக்காக 1916-ல் ஒரு மத்திய நூலகம், கப்பல் தொழிலாளர்களுக்காக 1919-ல் கடலோடிகள் கல்விச் சேவை! 1952-ல் மறைந்தார். சங்கம் இன்றும் வகுப்பு நடத்துகிறது.

கே: எனக்கு 45 வயது. ஷிஃப்ட் முடிந்து படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

ப: உங்களைப் போலவே ஆசையுள்ள நான்கு பேரைச் சேருங்கள். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பாடத்தை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு ஆசிரியரைத் தேடுங்கள். அடுத்த வாரமே தொடங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.