துரை பூசிய சிவப்பு

போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவை டச்சுக்காரர் பிடுங்கியது 1641இல். நூறு வருடம் ஆனதும், பிடுங்கியதைக் கொண்டாடாமல் இருக்க முடியுமா? நாமாக இருந்தால் பந்தல் போட்டு, மேளம் வைத்து, சாப்பாடு போட்டு, மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்திருப்போம். அவர்கள் ஒரு தேவாலயத்துக்கே அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிக்க 12 வருடம் பிடித்தது. 1753இல் கதவு திறந்தபோது, என்ன விசேஷத்துக்காக ஆரம்பித்தோம் என்று யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருந்திருக்கும்.

அதுவரை அவர்கள் கும்பிட்டது குன்றின் மேல், 1521இல் போர்த்துக்கீசியர் மாதாவுக்குக் கட்டிய கோயிலில். மாதாவின் பெயரை எடுத்துவிட்டுப் புனித பவுலின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சவேரியாரின் உடல் 1553இல் கோவாவுக்குப் போகும் வழியில் தங்கிய இடம் அது. கீழே புதுசு வந்ததும் மேலே இருந்தது இடுகாடு ஆனது. அடுத்து வந்த ஆங்கிலேயர் அதில் வெடிமருந்தை அடுக்கினார்கள். மூன்று பேருக்கும் சாமி ஒன்றுதான். பங்காளிகளுக்குள் இதெல்லாம் சகஜம்.

புதுக் கட்டடம் 82 அடி நீளம், 42 அடி அகலம், 40 அடி உயரம். உள்ளூர்ச் செம்பாறைக் கல், டச்சுச் செங்கல், மேலே சீனச் சுண்ணப்பூச்சு. கூரையைத் தாங்கும் உத்தரம் ஒவ்வொன்றும் ஒரே மரம், 48 அடி, ஒட்டு கிடையாது. தரைக்கு மட்டும் சிக்கனம்: கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் பாரமாக ஏற்றி வந்த கருங்கல்லையே பரப்பிவிட்டார்கள். அதற்கு நடுவே போர்த்துக்கீசிய, ஆர்மீனியக் கல்லறைப் பலகைகள் வேறு. மணியில் பொறித்திருக்கும் ஆண்டு 1698; கோயிலுக்கு அடிக்கல் விழுவதற்கு 43 வருடம் முன்பே மணி தயார்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம், டச்சுக்காரர் தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் எழும்பியது. கொடி எத்தனை மாறியும் அந்த விநாயகரை யாரும் மதம் மாற்ற முயலவில்லை. டச்சுத் தேவாலயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1824 ஒப்பந்தத்தில் சுமத்ராவின் பென்கூலனைக் கொடுத்து மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள் ஆங்கிலேயர். 1838இல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன் கப்பலேறி வந்து, ஆங்கிலிக்கன் முறைப்படி மறுபடி அர்ப்பணித்து, கிறைஸ்ட் சர்ச் என்று பெயர் வைத்தார். ஏற்கெனவே 85 வருடம் ஜெபம் கேட்ட சுவர்தான். ஆனாலும் டச்சு ஜெபம் ஆங்கிலக் கணக்கில் சேராது.

பெயரோடு விட்டார்களா? டச்சுக்காரர் வைத்த பெரிய ஜன்னல்களைச் சிறிதாக்கினார்கள். மலாக்கா வெயிலில், மின்விசிறி இல்லாத காலத்தில்! இந்த யோசனை உதித்த மூளை வியர்வையே அறியாதது. முன்மண்டபமும் பாதிரியார் அங்கி மாற்றும் அறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டவைத்தவை.

உச்சகட்டம் 1911. அதுவரை வெள்ளையாக இருந்த தேவாலயத்துக்கும் பக்கத்து டச்சு நகர மண்டபமான ஸ்டாட்ஹவுஸுக்கும் சிவப்பு அடித்தார்கள். தோட்டத்து லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவைத்த அதே துரைமார் ஆட்சிதான். இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தச் சிவப்பின் முன்னால் நின்று, டச்சுக் காலத்து அழகு என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் சிவப்பு? ஊரில் ஒரு கதை உண்டு. வெற்றிலை போட்டவர்கள் வெள்ளைச் சுவரில் துப்பித் துப்பிக் கறையாக்கினார்களாம். கழுவி அலுத்துப்போய் மொத்தத்தையும் சிவப்பாக்கிவிட்டார்களாம். சொல்பவர் இந்த இடத்தில் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். மழையில் தெறித்த செம்மண்தான் காரணம் என்று இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. என் தரப்பு வாதம் ஒன்றுதான்: சிவப்பு முகப்பின் உச்சிவரை போகிறது. வெற்றிலை போட்ட எந்தத் தாத்தாவும் 40 அடி உயரத்துக்குத் துப்பியதாக ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை தகவல் இல்லை.