கார் இருந்தால்தான் கல்யாணம்

பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: விலை ஏறினால் வாங்குகிறவன் குறைத்துக்கொள்வான், பக்கத்தில் மாற்றுப் பொருள் இருந்தால் அங்கே ஓடுவான். பெங்களூரில் இந்தப் பாடத்துக்கு நம்மை வைத்தே செய்முறைத் தேர்வு நடத்திவிட்டார்கள்.

2025 பிப்ரவரி 9ஆம் தேதி நம்ம மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. பெயரில் மட்டும் 'நம்ம'. ஊர் கொதித்ததும் சில நாளில் அங்கங்கே கிள்ளிக் குறைத்தார்கள். அந்த 90 மட்டும் அசையவில்லை. சென்னை மெட்ரோவில் உச்சம் 50 ரூபாய்.

கணக்குப் போடுவோம். 12 கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் மெட்ரோ ஏறினால், போக வர ஆளுக்கு 120, சேர்த்து 240 ரூபாய். அதே இருவரும் ஒரு ஸ்கூட்டரில் போனால் அரை லிட்டர் பெட்ரோல், ஐம்பது அறுபது ரூபாய். இதைக் கண்டுபிடிக்க பன்னேர்கட்டா சாலை ஐ.ஐ.எம்.மில் சேர வேண்டியதில்லை. காய்கறிக்காரியிடம் கொசுறு கேட்கத் தெரிந்தால் போதும். மெட்ரோவில் கூட்டம் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்?

விலை மனிதரை நகர்த்தும் என்பது ஆள்பவர்களுக்குத் தெரியாததா? 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்து பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் பூஜ்யமானதும் பேருந்துகள் பிதுங்கின. அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் மாநில அரசு மார்தட்டுகிறது. பூஜ்யத்துக்குக் கூட்டம் வரும் என்று தெரிந்தவர்களுக்கு, 90க்குக் கூட்டம் போகும் என்று தெரியாதாம்!

மெட்ரோ கட்டணத்தை ஏற்றியது யார் என்று கேட்டுப் பாருங்கள். மெட்ரோ நிறுவனத்தில் மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி. கட்டணத்தை நிர்ணயிக்கக் குழு போட்டது தில்லி என்றது பெங்களூரு. ஏற்றச் சொல்லிக் கேட்டதே நீங்கள்தான் என்றது தில்லி. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். தாரணி தலைமையிலான அந்தக் குழுவின் அறிக்கை, பா.ஜ.க. எம்.பி. தேஜஸ்வி சூர்யா நீதிமன்றம் போன பிறகு செப்டம்பரில்தான் வெளியே வந்தது. ஏழு மாதம், எதற்கென்று தெரியாமலே ஜனங்கள் காசைக் கொட்டினார்கள். பங்கில் பாதிப் பாதி. பழியில் மட்டும் பங்காளிச் சண்டை.

சரி, மாற்றுப் பொருள்? 2025 ஜூன் 16 முதல் பைக் டாக்சிக்குத் தடை வந்தது. விதி இல்லாமல் ஓடக் கூடாது என்றது நீதிமன்றம். விதியை எழுத வேண்டிய அரசோ அப்போது எழுதுவதாக இல்லை. ஆகஸ்டில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 30லிருந்து 36. அந்த 36க்கு வருகிற ஆட்டோவைக் கண்டவர்கள் கையைத் தூக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அரசின் மனம் இளகுவது காருக்காக. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கடியில் சுரங்கச் சாலை: சுமார் 17 கிலோமீட்டர், சுமார் 17,000 கோடி. கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி! அந்தப் பணத்தில் எத்தனை பேருந்து ஓடும் என்று கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். பாடத்தில் அந்தக் கேள்விக்கு வாய்ப்புச் செலவு என்று பெயர்.

போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி இந்த ஊரில் 10 கிலோமீட்டர் நகர 30 நிமிடத்துக்கு மேல். சாலைக்கு வருகிற ஒவ்வொரு புதுக் காரும் மற்றவர்கள் எல்லோருடைய நேரத்திலும் கொஞ்சம் திருடுகிறது. திருடியவனிடம் வசூலி என்கிறது பொருளாதாரம். இவர்கள் வசூலித்தது, காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோ ஏறியவனிடம்.

தனி வாகனங்களைக் குறைக்கலாமே என்ற பேச்சு வந்தபோது துணை முதல்வர் டி.கே. சிவகுமார் ஒரு காரணம் சொன்னார்: கார் இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்களாம். கடவுளே வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் இந்த ஊரை மாற்ற முடியாது என்று 2025 பிப்ரவரியில் கைவிரித்தவரும் அவர்தான். கடவுளிடம் கட்டண உயர்வுக்கு மட்டும் யாரும் அனுமதி கேட்கவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை கார் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சுரங்கத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை போக 330 ரூபாய் சுங்கம் என்று திட்டத்தில் பேச்சு. போக வர 660. பெண் வீட்டார் இனி நிச்சயதார்த்தத்திலேயே, நகை எத்தனை பவுன் என்பதோடு ஃபாஸ்டாக் ரீசார்ஜ் எத்தனை மாதத்துக்கு என்பதையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.