எலுமிச்சம்பழத்திடம் காரணம் கேட்ட கதை

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமிக்கு எதிரியின் பீரங்கியைவிடப் பெரிய வில்லன் ஸ்கர்வி. ஈறு வீங்கும், பல் ஆடும், என்றோ ஆறிய காயம் மறுபடி வாய் பிளக்கும், பிறகு ஆள் காலி. ஸ்பானியர்களைக் கொள்ளையடிக்க 1740இல் ஏறத்தாழ 1,900 பேரோடு கிளம்பினார் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன். புதையல் திரும்பியது. ஆட்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

கரையிலிருந்த வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? 'ஏன் வருகிறது?' என்று உட்கார்ந்து யோசித்தார்கள். ஈரக் காற்று, உப்புக்கண்டம், உடம்புக்குள் அழுகல், மாலுமியின் சோம்பேறித்தனம் என்று காரணங்கள் குவிந்தன. எல்லாமே மேதாவித்தனமானவை. ஆடுகிற ஒரு பல்லைக்கூட அவற்றால் நிறுத்த முடியவில்லை.

1747 மே மாதம் 'சாலிஸ்பரி' கப்பலின் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், 'சரி, எப்படித்தான் தீரும்?' என்று பார்க்க இறங்கினார். 12 நோயாளிகள், ஆறு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் அரைத்த உருண்டை, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம். ஆமாம், குடிப்பதற்குத்தான்! கடைசி ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்றவர்களில் ஒருவன் வேலைக்குத் தயார். இன்னொருவன் மற்ற நோயாளிகளைக் கவனிக்கும் தாதியாகிவிட்டான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் படித்தவராயிற்றே! 1753இல் 400 பக்கங்களுக்கு மேல் புத்தகம் போட்டார். சோதனைக்குச் சில பக்கம்தான். வியர்வைத் துவாரம் அடைபடுவதுதான் வினை என்பது அவர் சித்தாந்தம். போதாததற்குச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கச் சொன்னார். காய்ச்சிய சூட்டில் சத்து போனது, புளிப்பு மிஞ்சியது. கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்கத் துணிந்தது 1795இல். லிண்ட் அதற்கு முந்தைய ஆண்டே கண்ணை மூடியிருந்தார்.

ஸ்கர்வி ஓடியது. ஏன் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, கவலையும் இல்லை. கவலைப்படாததன் பலன் 1860களில் வந்தது. பெரிய மஞ்சள் எலுமிச்சையைக் கைவிட்டு, தங்கள் மேற்கிந்தியக் காலனியில் விளைந்த குட்டிப் பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். நாம் ஊறுகாய் போடுகிறோமே, அந்த ஜாதி. 'இதுவும் புளிக்கிறதே, போதாதா?' என்பது கணக்கு. சத்தோ ஏறத்தாழ கால்வாசிதான். நீராவிக் கப்பல் பயணத்தைச் சுருக்கிவிட்டதால் குட்டு வெளிப்படவில்லை. 1875இல் வடதுருவம் தேடிப் போன குழு அந்தச் சாற்றை ஏற்றிக்கொண்டு போயும் ஸ்கர்வியில் படுத்தது. மேதைகள் பழத்தின் மேல் சந்தேகப்பட்டு, பிற்பாடு கெட்டுப்போன டப்பா இறைச்சிதான் குற்றவாளி என்றார்கள்.

1907இல் நார்வேயின் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் போட்டார்கள். ஸ்கர்வி வந்தது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எலியை எடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தேடியிருப்பார்கள். 1932இல் மருந்து இந்த வைட்டமின்தான் என்பது உறுதியானது. 'ஏன்' ஒருவழியாகக் கரை சேர்ந்தது, 185 ஆண்டு தாமதமாக.

என் தீர்ப்பு இது: 'எப்படி' முதலில் போகட்டும். விளக்கம் கேட்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே! ஆனால் 'ஏன்' தெரியும்வரை, வேலை செய்கிற பழத்தை மட்டும் மாற்றாதீர்கள்.