பீருக்கு ஃபேன், எனக்கு விசிறி

டாலஸில் ஜூலை மாதம் கராஜுக்குள் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் நம்மூர் அக்னி நட்சத்திரம் எவ்வளவு இரக்கமுள்ளது என்று தெரியும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே அதற்கும் மேலே. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறையும் கிடையாது. களிமண் பூமி, மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். சொந்தமாக பீரும் வைனும் போடுகிறவனுக்கு ஏற்ற ஊரே இல்லை. நான் வீடு வாங்கியிருப்பது இங்கேதான். தவணை வேறு பாக்கி இருக்கிறது.

சட்டம் தாராளம்தான். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது 750 லிட்டருக்கும் மேல், சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சிக்கொள்ளலாம். அதையெல்லாம் எங்கே வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்போம். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும், பீர் நுரைக்கும். ஆனால் நொதித்து முடியாததை அவசரப்பட்டு அடைத்துவிட்டால், குளிரில் சும்மா கிடந்த ஈஸ்ட் வெயில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து மிச்சத்தையும் தின்னும். அப்போது மூடி திறக்காது, கண்ணாடி திறக்கும். நண்பர் ஒருவர் துணி அலமாரியில் பாட்டில் அடுக்கியிருந்தார். அவருடைய பட்டு வேட்டியை இப்போது எந்தக் கல்யாணத்துக்கும் கட்டிப்போக முடியாது.

வைன் இவ்வளவு ரௌத்திரம் காட்டாது. அது கேட்பது 13 டிகிரி. கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் தக்கையை மேலே தள்ளும், காற்று புகும், பழ வாசனை போய் வேகவைத்த பழத்தின் வாசனை வரும். குடித்துப் பார்த்த விருந்தாளி “வித்தியாசமா இருக்கு” என்பார். இரண்டாவது கிளாஸ் கேட்க மாட்டார்.

இதற்கென்றே இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். அதில் இப்போது இட்லி மாவும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன.

கடைசியில் பெரிய டப்பில் தண்ணீர் விட்டு, பாட்டில்களை இறக்கி, ஈரத் துண்டைப் போர்த்தி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். வீட்டிலேயே குளுமையான இடம் விருந்தினர் அறை என்பதால் டப் அங்கே போனது. அந்தச் சமயம் பார்த்து மதுரையிலிருந்து மாமியார் வந்து இறங்கினார்.

“என்ன மாப்பிள்ளை இது?”

“பார்லித் தண்ணி, அத்தை.”

“சூட்டுக்கு நல்லதுதான்” என்றவர், துண்டைத் தொட்டுப் பார்த்தார். “துணியோட நுனி தண்ணியில கிடக்கணும், அப்பத்தான் காயாம இருக்கும். மண்பானைக்குக் கீழ மணலை நனைச்சு வைக்கிறதில்லையா?” துண்டை இழுத்துச் சரிசெய்தார். மறுநாள் காலை, தண்ணீரின் சூடு நன்றாகவே குறைந்திருந்தது. அதற்குள் அவருக்கு வாசனையும் பிடிபட்டிருந்தது. “புளிக்கிற சாமானைக் கோடையில யாராவது போடுவாங்களா?” என்றார். பார்லியைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதுரைக்காரர்களின் பெருந்தன்மை அது.

இதையேதான் 1553-இல் பவேரியா பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் சட்டமாகவே போட்டார்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. மார்ச்சிலேயே கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி நிலவறையில் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அறை சூடாகாமலிருக்க மேலே சரளைக்கல் பரப்பி செஸ்ட்நட் மரம் நட்டார்கள். நிழல் இருந்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அங்கேயே பெஞ்சு போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்கள். ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வயிறெரிந்து முறையிட, 1812-இல் ராஜா சமரசம் செய்தார்: நிலவறைக்காரர் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது. ஜனங்கள் கட்டுச்சோறோடு போனார்கள்.

நிலவறைக்கு நான் எங்கே போவேன்? கோடைக்குப் பீரைப் பாதுகாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, கோடைக்கு முன்னால் காலி செய்வதுதான். ஆகவே டாலஸ் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மே மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். 1812 விதிதான் இங்கேயும். புளியோதரை உங்கள் பொறுப்பு. திரும்பும்போது கார் ஓட்டக் குடிக்காத ஒருவரையும் கூட்டி வாருங்கள்.